கூட்டுக் கருத்தடை மாத்திரை: தொடங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

தும்பைப்பூ எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 33. குழந்தைக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது, தாய்ப்பாலும் நிறுத்தியாயிற்று. அடுத்த குழந்தையை மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் கணவரும் பேசி முடிவெடுத்த பின் மருத்துவமனையில் ஆலோசனை கேட்டேன். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் ஆகிய இரண்டு ஹார்மோன்களும் கலந்த கருத்தடை மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். 21 நாள் தினமும் ஒன்று, பிறகு 7 நாள் இடைவெளி, மறுபடியும் புதிய அட்டை என்று சொன்னதோடு சரி. கூட்டம் நிறைய இருந்ததால் மேற்கொண்டு எதையும் கேட்க முடியவில்லை; இரத்த அழுத்தம்கூட அன்று பார்க்கப்படவில்லை.

வீட்டுக்கு வந்து, பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்துப் படித்தேன். இரத்தக் கட்டி, பக்கவாதம், மாரடைப்பு, கல்லீரல் கட்டி, மார்பகப் புற்றுநோய் என்று அது நீண்டுகொண்டே போகிறது. கோடிக்கணக்கான பெண்கள் சாப்பிடும் ஒரு மாத்திரை இத்தனை ஆபத்தானதாக இருக்குமா, அல்லது சட்டப் பாதுகாப்புக்காக எல்லாவற்றையும் எழுதி வைத்துவிடுகிறார்களா என்பது எனக்கு விளங்கவில்லை. அட்டையை இன்னும் தொடங்கவில்லை.

என் ஐயங்கள் இவைதாம். இரத்தக் கட்டி ஏற்படும் வாய்ப்பு உண்மையில் எவ்வளவு? ஒரு நாள் மறந்துவிட்டால் என்ன செய்வது? ஆண்டுக்கொரு முறை இரண்டு மூன்று மாதங்கள் மாத்திரையை நிறுத்தி உடலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார், அது சரியா? எனக்குப் புகைப்பழக்கம் இல்லை, சர்க்கரை நோய் இல்லை, உடல் எடையும் சராசரிதான். அவ்வப்போது தலைவலி வரும். அதைத் தவிரச் சொல்லும்படியாக ஒன்றுமில்லை.

மருந்துப்பெட்டி எழுதியது:

சகோதரி, பல ஆண்டுகள் மருந்தாளுநராகப் பணியாற்றியவன் என்ற முறையில் முதல் கேள்விக்கும் மூன்றாம் கேள்விக்கும் பதில் எழுதுகிறேன். மாத்திரையை மறந்தால் என்ன செய்வது என்பதை, நாள்தோறும் அதை எடுத்துக்கொள்பவர்கள் என்னைவிடத் தெளிவாகச் சொல்வார்கள்.

அந்தத் தாள்களில் ஒரு குறை உண்டு. பலருக்கும் வரும் குமட்டலையும் ஆயிரக்கணக்கானோரில் ஒருவருக்கு வரும் இரத்தக் கட்டியையும் ஒரே அளவு எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். எது அடிக்கடி நேர்வது, எது அரிதானது என்பது படிப்பவருக்குத் தெரியாமல் போய்விடுகிறது. ஆனால் எழுதியிருப்பது எதுவும் பொய்யல்ல. ஐரோப்பிய மருந்துகள் முகமை 2013இல் இந்த மாத்திரைகளை மறுஆய்வு செய்தபோது கொடுத்த கணக்கு இது: மாத்திரை எடுக்காத, கருவுறாத 10,000 பெண்களில் ஓராண்டில் சுமார் 2 பேருக்குச் சிரைகளில் இரத்தக் கட்டி ஏற்படுகிறது. புரோஜெஸ்டின் வகைகளான லெவோனார்ஜெஸ்ட்ரெல், நோரெத்திஸ்டெரோன், நார்ஜெஸ்டிமேட் ஆகியவற்றில் ஒன்று கலந்த மாத்திரையை எடுப்பவர்களில் அது 5 முதல் 7 பேர். வேறு புரோஜெஸ்டின்களான டெசோஜெஸ்ட்ரெல், கெஸ்டோடீன், ட்ரோஸ்பிரெனோன் கலந்தவற்றில் 9 முதல் 12 பேர். கருவுற்ற காலத்திலும், அதைவிட அதிகமாகப் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும், மாத்திரையால் ஏற்படும் ஆபத்தை மிஞ்சும் அளவுக்கு இந்த வாய்ப்பு உயர்கிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ளக்கூடிய நடைமுறைச் செய்தி ஒன்று இருக்கிறது. முதன்முறையாகத் தொடங்குபவருக்கு, வேறு மருந்தைத் தேர்வதற்குத் தனிக் காரணம் இல்லாவிட்டால், 30 மைக்ரோகிராம் எத்தினைல் எஸ்ட்ராடியோல் என்ற ஈஸ்ட்ரோஜனும் லெவோனார்ஜெஸ்ட்ரெலும் சேர்ந்த பழைய வகை மாத்திரையே பொருத்தமானது என்பது என் கருத்து. புதிது என்பதாலேயே ஒன்று பாதுகாப்பானதாகிவிடாது. உங்கள் அட்டையின் பின்புறத்தில் எந்தப் புரோஜெஸ்டின் என்று அச்சிட்டிருப்பார்கள், பாருங்கள். முகப்பருவுக்காகப் பரிந்துரைக்கப்படும் சைப்ரோடெரோன் கலந்த மாத்திரையிலும் இரத்தக் கட்டி ஏற்படும் வாய்ப்பு லெவோனார்ஜெஸ்ட்ரெல் வகையைவிட அதிகம். வெறும் கருத்தடைக்காக அதை எடுக்க வேண்டியதில்லை.

இரத்தக் கட்டி ஏன் உண்டாகிறது என்றால், மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன் கல்லீரலைத் தூண்டி, இரத்தத்தை உறையச் செய்யும் புரதங்களைக் கூடுதலாகவும், உறைதலைத் தடுக்கும் சில புரதங்களைக் குறைவாகவும் உற்பத்தி செய்ய வைக்கிறது. அமெரிக்காவில் 1960இல் கருத்தடைக்கென ஒப்புதல் பெற்ற முதல் மாத்திரையான ஈனோவிட்டில் மெஸ்ட்ரனால் என்ற ஈஸ்ட்ரோஜன் 150 மைக்ரோகிராம் இருந்தது. இப்போது பெரும்பாலானவற்றில் 20 முதல் 35 மைக்ரோகிராம் எத்தினைல் எஸ்ட்ராடியோல்தான் இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு மருந்துகள் என்றாலும் ஈஸ்ட்ரோஜன் அளவு எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது இதிலிருந்து தெரியும்.

இனி ஓய்வு. ஆண்டுக்கொரு முறை நிறுத்துவது உடலுக்கு நல்லது என்ற நம்பிக்கை பலரிடமும் வேரூன்றியிருக்கிறது. உண்மை அதற்கு நேர்மாறானது. இரத்தக் கட்டி ஏற்படும் வாய்ப்பு முதல் ஆண்டில், குறிப்பாக முதல் சில மாதங்களில்தான் மிகுதியாக இருந்து, பிறகு குறைகிறது. நான்கு வாரமோ அதற்கு மேலோ நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்கினால், அந்தக் கூடுதல் ஆபத்துள்ள தொடக்கக் காலத்துக்கே உடல் மறுபடியும் சென்றுவிடுகிறது. நடுவில் கருவுற்றுவிடும் வாய்ப்பு வேறு. குழந்தைப்பேற்றுத் திறன் கெட்டுவிடும் என்ற அச்சத்தாலும் சிலர் நிறுத்துவதுண்டு. மாத்திரையை விட்ட ஓரிரு மாதங்களில் பெரும்பாலானோருக்குக் கருமுட்டை வெளியாகத் தொடங்கிவிடுகிறது, எத்தனை ஆண்டுகள் எடுத்தோம் என்பதைப் பொறுத்து அது தாமதமாவதில்லை. மருத்துவக் காரணத்துக்காக நிறுத்துவது வேறு: நெடுநேரம் படுக்கையில் இருக்க வேண்டிய பெரிய அறுவை சிகிச்சை திட்டமிடப்பட்டிருந்தால் நான்கு வாரங்களுக்கு முன்பே நிறுத்தி வேறு முறைக்கு மாறச் சொல்வார்கள்.

ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத் திணறல், மூச்சை இழுக்கும்போது குத்தும் நெஞ்சு வலி, இருமலில் இரத்தம், இதுவரை வந்திராத கடுமையான தலைவலி, பார்வை மங்குதல், பேச்சுக் குழறல், உடலின் ஒரு பக்கம் மரத்துப்போதல் அல்லது வலுவிழத்தல், மேல்வயிற்றில் கடும் வலி ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். கருத்தடை மாத்திரை எடுப்பதை அங்கே முதலில் சொல்ல வேண்டும். அதை மருந்து என்றே பலர் கருதுவதில்லை என்பதால், என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்று பதில் வருவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

இரத்த அழுத்தம் பார்க்காமல் தொடங்காதீர்கள். உள்ளுறுப்புப் பரிசோதனையோ இரத்தப் பரிசோதனையோ எல்லோருக்கும் தேவையில்லை. ஆனால் இரத்த அழுத்தம் பார்ப்பதற்கு ஆகும் இரண்டு நிமிடத்தை யாரும் மிச்சம் பிடிக்கக் கூடாது. 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்த மாத்திரை பொதுவாக ஏற்றதல்ல. 160/100ஐ எட்டினால் அறவே கூடாது.

மூங்கில்காடு எழுதியது:

மறதியைப் பற்றி நான் சொல்கிறேன்; ஒன்பது ஆண்டுகளாக இதை எடுத்து வருபவள்.

மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்பதை ஒருமுறை புரிந்துகொண்டால் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இராது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, கருமுட்டையை முதிரச் செய்து வெளியேற்றும்படி சினைப்பைக்கு ஆணையிடும் ஹார்மோன்களைச் சுரக்கிறது. மாத்திரை அந்தச் சுரப்பை அடக்கிவிடுகிறது. கருப்பை வாயில் உள்ள சளியும் கெட்டியாகி, விந்தணு உள்ளே செல்வதைத் தடுக்கிறது. சினைப்பையை இப்படி உறங்க வைக்க ஏழு மாத்திரைகள் தொடர்ந்து தேவை. ஏழு நாள் இடைவெளியில் அது மெல்ல விழிக்கத் தொடங்கும். எட்டாம் நாள் புதிய அட்டையைத் தொடங்கிவிட்டால் மறுபடி அடங்கிவிடும். ஆகவே எல்லா மறதிகளிலும் ஆபத்தானது, புதிய அட்டையைத் தாமதமாகத் தொடங்குவதுதான். அட்டையின் நடுவில் ஒன்றை விடுவதைப் பெரிதாக நினைத்துக் கலங்குபவர்கள்கூட, அட்டை வாங்க மறந்து இடைவெளி ஒன்பது பத்து நாளாக நீள்வதைப் பொருட்படுத்துவதில்லை.

ஒரு மாத்திரையை மட்டும் மறந்தீர்கள் என்றால், நினைவு வந்த உடனே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்ததை வழக்கமான நேரத்தில் எடுங்கள். ஒரே நாளில் இரண்டு எடுக்க நேர்ந்தாலும் தவறில்லை; வேறு பாதுகாப்பும் தேவையில்லை. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவை தவறிவிட்டால், கடைசியாகத் தவறியதை மட்டும் உடனே எடுத்து, அதற்கு முந்தையவற்றை விட்டுவிட்டு, அட்டையைத் தொடர வேண்டும். அடுத்த ஏழு நாள்களுக்கு ஆணுறை கட்டாயம். இந்தத் தவறு முதல் வாரத்தில் நடந்து, கடந்த ஐந்து நாள்களுக்குள் உடலுறவும் நிகழ்ந்திருந்தால் அவசரக் கருத்தடை மாத்திரை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மூன்றாம் வாரத்தில் நடந்திருந்தால், மீதமுள்ளவற்றை முடித்துவிட்டு, இடைவெளி விடாமல் அடுத்த அட்டையை மறுநாளே தொடங்குங்கள். அந்த மாதம் இரத்தப்போக்கு வராமல் போகலாம், அதனால் தீங்கில்லை. இடைவெளியில் வருவது உண்மையான மாதவிடாய் அல்ல, ஹார்மோன் நின்றதால் ஏற்படும் இரத்தப்போக்குதான்.

28 மாத்திரை உள்ள பெரும்பாலான அட்டைகளில் கடைசி ஏழில் ஹார்மோன் இராது. சிலவற்றில் அவை இரும்புச்சத்து மாத்திரைகள். அவற்றை மறந்தால் கவலை வேண்டாம். தினமும் எடுக்கும் பழக்கம் அறுந்துபோகாது என்பதால், எளிதில் மறப்பவர்களுக்கு 28 உள்ள அட்டையையே நான் சொல்வேன்.

எடுத்த மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொன்று எடுக்க வேண்டும். கடுமையான வயிற்றுப்போக்கு ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் அந்த நாள்களை மாத்திரை தவறிய நாள்களாகவே கணக்கிட வேண்டும். மாதவிடாய் தொடங்கிய ஐந்து நாள்களுக்குள் முதல் அட்டையைத் தொடங்கினால் அன்றிலிருந்தே பாதுகாப்பு உண்டு. வேறு நாளில் தொடங்கினால் முதல் ஏழு நாள் ஆணுறையும் வேண்டும்.

ஒரு நாள்கூடத் தவறாமல் எடுக்கும் 1,000 பெண்களில் ஓராண்டில் 3 பேர் கருவுறலாம் என்பது கணக்கு. நடைமுறையில், மறதியையும் சேர்த்துப் பார்த்தால், 100 பேரில் சுமார் 7 பேர் கருவுறுகிறார்கள். இந்த வேறுபாடு பெரும்பாலும் மறதியால் வருவது. கைப்பேசியில் மணி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று மாதங்களில் குமட்டல், மார்பக வலி, இடையிடையே இரத்தக் கசிவு ஆகியவை வரலாம். பெரும்பாலும் தாமாகவே அடங்கிவிடும். மனச்சோர்வு வந்தால் மட்டும் பொறுத்துப் பார்க்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வேப்பமரம் எழுதியது:

எத்தனை புள்ளிவிவரம் கொடுத்தாலும், இது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக அளவிலான ஆய்வு அமைப்பே அறிவித்திருக்கிறது. உடலின் இயற்கையான சுழற்சியில் கைவைப்பதைவிட, கருவுறக்கூடிய நாள்களில் உறவைத் தவிர்த்து, நாள் கணக்குப் பார்த்து இருப்பதே மேல். யாரும் இதை வெளிப்படையாகச் சொல்வதில்லை.

கருவிளை எழுதியது:

நான் மகப்பேறு மருத்துவர். வேப்பமரம் அவர்கள் சொன்னதில் பாதி உண்மை இருப்பதால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த கருத்தடை மாத்திரைகளை, மனிதரில் புற்றுநோயை உண்டாக்குபவை என்ற முதல் தொகுதியில் வைத்திருப்பது உண்மை. அந்தத் தொகுதி, ஒரு பொருள் புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்கான சான்று எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்கிறதே ஒழிய, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைச் சொல்வதில்லை. அதே முகமை, இந்த மாத்திரைகள் கருப்பை உட்படலப் புற்றுநோயையும் சினைப்பைப் புற்றுநோயையும் குறைக்கின்றன என்றும் பதிவு செய்திருக்கிறது. பலர் பாதியில் படிப்பதை நிறுத்திவிடுவதால் இந்தப் பகுதி வெளியே வருவதில்லை.

மாத்திரை எடுக்கும் காலத்தில் மார்பகப் புற்றுநோய்க்கான வாய்ப்பு சிறிதளவு கூடுகிறது. நிறுத்திய பின் அது படிப்படியாகக் குறைந்து சுமார் பத்து ஆண்டுகளில் மறைகிறது. இளம் வயதில் மார்பகப் புற்றுநோயே அரிது என்பதால், அந்தச் சிறு கூடுதல் எண்ணிக்கையில் மிகக் குறைவானவர்களையே பாதிக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் எடுப்பவர்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான வாய்ப்பும் சற்று உயர்கிறது. அதைத் தொடக்க நிலையிலேயே கண்டறியும் பரிசோதனையும், அதற்குக் காரணமான எச்பிவி வைரசுக்கு எதிரான தடுப்பூசியும் இருக்கின்றன. மறுபுறம், சினைப்பை, கருப்பை உட்படலப் புற்றுநோய்களுக்கு எதிராகக் கிடைக்கும் பாதுகாப்பு, மாத்திரையை நிறுத்திய பிறகும் பல பத்தாண்டுகள் நீடிக்கிறது. நெருங்கிய இரத்த உறவில் பலருக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தால் அதைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நாள் கணக்கு முறையைத் தேர்ந்தெடுப்பவர்களை நான் தடுப்பதில்லை. ஆனால் மாதச் சுழற்சி ஒழுங்கில்லாதவர்களுக்கும், கருவுற்றால் உடல்நலத்துக்கு ஆபத்து உள்ளவர்களுக்கும் அதைப் பரிந்துரைக்க என்னால் முடியாது.

தும்பைப்பூ அவர்களே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த மாத்திரை பாதுகாப்பானதா என்று பொதுவாகக் கேட்டால் பெரும்பாலானோருக்குப் பாதுகாப்பானது என்றுதான் சொல்ல வேண்டும். எடுப்பவர் யார் என்பதே விடையை முடிவு செய்கிறது. 35 வயதைக் கடந்து நாளொன்றுக்கு 15 சிகரெட்டோ அதற்கு மேலோ புகைப்பவர்கள், முன்பு இரத்தக் கட்டியோ பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்கள், இரத்தம் எளிதில் உறையும் மரபுக் குறைபாடு உறுதியானவர்கள், மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள், கல்லீரல் கட்டியோ முற்றிய கல்லீரல் சுருக்கமோ உள்ளவர்கள், பிரசவித்து ஆறு வாரம் ஆகாமல் தாய்ப்பால் கொடுப்பவர்கள் ஆகியோர் இதை எடுக்கவே கூடாது. சர்க்கரை நோயால் கண்ணோ சிறுநீரகமோ நரம்போ பாதிக்கப்பட்டவர்களுக்கும் இது உகந்ததல்ல. உலக சுகாதார நிறுவனம் ஒவ்வொரு உடல்நிலைக்கும் எந்தக் கருத்தடை முறை ஏற்றது என்று ஒன்று முதல் நான்கு வரை வகைப்படுத்தியிருக்கிறது. நான்காம் வகை என்றால் அந்த உடல்நிலையில் அந்த முறையைப் பயன்படுத்தக் கூடாது என்று பொருள்.

அந்த நான்காம் வகையில் ஒரு வகைத் தலைவலியும் இருக்கிறது. நீங்கள் கடைசி வரியில் போகிறபோக்கில் குறிப்பிட்ட தலைவலியைப் பற்றித்தான் நான் மிகுதியாக அறிய விரும்புகிறேன். வலி தலையின் ஒரு பக்கமா, இரு பக்கமா? குமட்டல் உண்டா? வெளிச்சம் பிடிக்காமல் போகிறதா? எல்லாவற்றுக்கும் மேலாக, வலி தொடங்கும் முன் பார்வையிலோ பேச்சிலோ உணர்ச்சியிலோ ஏதாவது மாற்றம் தெரிகிறதா? இதற்கு விடை தெரியும் வரை அட்டையைத் தொடங்க வேண்டாம்.

தும்பைப்பூ எழுதியது:

மருத்துவர் அவர்களுக்கு நன்றி. இதை யாரும் இதுவரை என்னிடம் கேட்டதில்லை. வலி பெரும்பாலும் இடப்பக்கம்தான். குமட்டலும் இருக்கும், இருட்டு அறையில் படுத்தால்தான் குறையும். எல்லா முறையும் அல்ல, ஆனால் சில சமயம் வலி வருவதற்கு முன் பார்வையின் ஒரு ஓரத்தில் வளைந்து வளைந்து மின்னும் கோடுகள் தெரியும். அவை மெல்லப் பெரிதாகி, படித்துக்கொண்டிருக்கும் சொல்லின் பாதியை மறைத்துவிடும். ஒரு கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும். இருபது, முப்பது நிமிடத்தில் மறைந்துவிடும். அதன்பின் வலி தொடங்கும். கண்ணாடியின் அளவு மாறியிருக்கும் என்று எண்ணியிருந்தேன். இதற்கும் கருத்தடை மாத்திரைக்கும் தொடர்பு இருக்கும் என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

கருவிளை எழுதியது:

நேரில் பரிசோதிக்காமல் நோயை உறுதி செய்ய இயலாது. ஆனால் நீங்கள் சொல்வது ஆரா எனப்படும் முன்னறிகுறியோடு வரும் மைக்ரேன் தலைவலியின் வழக்கமான வருணனை. ஐந்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை நீடித்து, மெல்லப் பரவி, முழுமையாக மறைவது அதன் இயல்பு. ஒரு கண்ணை மூடினாலும் தெரிகிறது என்பதால் இதன் மூலம் கண்ணில் அல்ல, மூளையில் இருக்க வேண்டும்.

இந்த வகை மைக்ரேன் உள்ளவர்களுக்கு மூளையில் இரத்த ஓட்டம் அடைபட்டு வரும் பக்கவாதத்தின் வாய்ப்பு இயல்பாகவே சற்று அதிகம். ஈஸ்ட்ரோஜன் அதை மேலும் கூட்டுகிறது. ஆகவே, வயது எதுவானாலும், புகைப்பழக்கம் இல்லாவிட்டாலும், உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் இவர்களுக்குக் கூட்டு மாத்திரை நான்காம் வகை. இளம் பெண்களுக்குப் பக்கவாதம் மிக அரிது என்பதை நினைவில் வையுங்கள். நான் இதை அச்சுறுத்துவதற்காக எழுதவில்லை. ஆபத்து சிறியதே என்றாலும், ஈஸ்ட்ரோஜன் இல்லாத நல்ல முறைகள் பல இருக்கும்போது அதை ஏற்க வேண்டிய காரணம் இல்லை. ஈஸ்ட்ரோஜன் கலந்த ஒட்டுப்பட்டை, பிறப்புறுப்பு வளையம் ஆகியவற்றுக்கும் இதே தடை பொருந்தும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு சொல்: எல்லாத் தலைவலியும் ஆரா அல்ல. மைக்ரேன் வரும்போதே வெளிச்சம் கூசுவதும் பார்வை பொதுவாக மங்குவதும் பலருக்கு உண்டு. அவை ஆராவில் சேரா. ஆரா இல்லாத மைக்ரேன் உள்ள 35 வயதுக்குட்பட்டவர்கள் மருத்துவரின் கண்காணிப்பில் எடுத்துக்கொள்ள இயலும். மாத்திரை தொடங்கிய பிறகு முதன்முறையாக ஆரா தோன்றினால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உங்களுக்கு என்னென்ன வழிகள் உள்ளன? கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டியில் ஹார்மோனே இல்லை. மாதவிடாய் இரத்தப்போக்கும் வலியும் கூடக்கூடும் என்பது அதன் குறை. புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரையில் பல வகைகள் உண்டு. 75 மைக்ரோகிராம் டெசோஜெஸ்ட்ரெல் வகைக்கு 12 மணி நேரம் வரை தாமதம் தாங்கும். லெவோனார்ஜெஸ்ட்ரெல், நோரெத்திஸ்டெரோன் மட்டும் உள்ள பழைய வகைக்கு 3 மணி நேரம்தான். இவற்றில் இடைவெளி நாள்களே கிடையாது, தினமும் எடுக்க வேண்டும். ஹார்மோன் வெளியிடும் கருப்பைச் சாதனமும், கையில் தோலுக்கடியில் வைக்கும் உள்வைப்பும் உங்கள் மூன்று ஆண்டுத் திட்டத்துக்கு நன்றாகப் பொருந்தும். மூன்று மாதத்துக்கொரு முறை போடும் ஊசியை நிறுத்திய பின் கருவுறும் திறன் திரும்பச் சில மாதங்கள் தாமதமாகலாம் என்பதால், குறித்த காலத்தில் குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு அதை நான் முதலில் சொல்வதில்லை.

பனித்துளி எழுதியது:

இடையில் ஒரு கேள்விக்கு மன்னிக்கவும். நான் இரண்டு ஆண்டுகளாகக் கூட்டு மாத்திரை எடுக்கிறேன். எனக்குக் காசநோய் இருப்பது இந்த வாரம் உறுதியாகி, மருந்துகளைத் தொடங்கப் போகிறார்கள். ஆன்டிபயாடிக் எடுத்தால் கருத்தடை மாத்திரை பலன் தராது என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

மருந்துப்பெட்டி எழுதியது:

பெரும்பாலான ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு அது பொருந்தாது, மகளே. அமாக்சிசிலின், டாக்சிசைக்ளின் போன்றவை கருத்தடையைக் கெடுப்பதில்லை. ஆனால் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது முற்றிலும் உண்மை. கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை அது பெருக்கிவிடுவதால், மாத்திரையிலுள்ள ஹார்மோன் வேலை செய்யும் முன்பே சிதைந்துபோகிறது. காசநோய் மருந்து எடுக்கும் காலம் முழுவதும், அதை முடித்த பின் இன்னும் நான்கு வாரங்களும், கூட்டு மாத்திரையை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. காப்பர் டியை இது பாதிக்காது. காசநோய் மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள். எக்காரணம் கொண்டும் காசநோய் மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

வலிப்பு நோய்க்குத் தரும் கார்பமசெபின், ஃபெனிட்டோயின், ஃபீனோபார்பிட்டால் ஆகியவையும், சில எச்ஐவி மருந்துகளும், மனச்சோர்வுக்கென மூலிகை மருந்தாக விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டும் இதே வேலையைச் செய்கின்றன. மூலிகை என்பதால் மருத்துவரிடம் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். வலிப்புக்குத் தரும் இன்னொரு மருந்தான லாமோட்ரிஜினில் நிலைமை தலைகீழானது: கருத்தடை மாத்திரை அந்த மருந்தின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடுவதால், அடங்கியிருந்த வலிப்பு மீண்டும் வரக்கூடும்.

தும்பைப்பூ எழுதியது:

வேறொரு மருத்துவரிடம் சென்று வந்தேன். இரத்த அழுத்தம் 118/76. தலைவலியைப் பற்றி நான் இங்கே எழுதியதை அப்படியே சொன்னேன். ஆராவோடு வரும் மைக்ரேன்தான் என்று அவரும் சொல்லி, நரம்பியல் மருத்துவரையும் ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறார். கூட்டு மாத்திரை எனக்கு வேண்டாம் என்று மருத்துவக் குறிப்பேட்டில் எழுதிக் கொடுத்தார். தினமும் நேரம் பார்த்து எடுக்கும் ஒழுங்கு என்னிடம் இல்லை என்பதை நானே அறிவேன் என்பதால் காப்பர் டியைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அடுத்த மாதவிடாயின்போது வைத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

அவர் சொன்ன இன்னொன்றையும் மற்றவர்களுக்காக எழுதிவிடுகிறேன். முகப்பரு, ஒழுங்கற்ற மாதவிடாய், சினைப்பை நீர்க்கட்டி ஆகியவற்றுக்கு எழுதிக் கொடுப்பதும் பெரும்பாலும் இதே கூட்டு மாத்திரைகள்தாமாம். பெட்டியின் பெயர்தான் வேறு. மாதவிடாயைத் தள்ளிப்போட எடுக்கும் நோரெத்திஸ்டெரோன்கூட, அந்த அளவில் எடுக்கும்போது, ஒரு சிறு பகுதி உடலுக்குள் எத்தினைல் எஸ்ட்ராடியோலாக மாறுகிறதாம். ஆகவே இவற்றில் எதற்காகச் சென்றாலும் அந்தக் குறிப்பேட்டைக் காட்டச் சொன்னார்.